அரைமணி டாக்டரும் பத்து நிமிடமும்

எனக்குப் பொறுமை கிடையாது. இதைப் பெருமையாகவும் சொல்லவில்லை, குறையாகவும் சொல்லவில்லை. என் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம் என்பதைப் போல இதுவும் ஒரு தகவல். பதினோரு வருடமாக ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ் வேலை. டாக்டர் கையை நீட்டுவதற்கு முன்பே கருவி அவர் கையில் இருக்கும். வேலையில் எனக்கு நல்ல பெயர் வாங்கித் தந்தது இந்த அவசரம்தான். வீட்டில் நான் வாங்கிக் கட்டிக்கொள்வதும் இதனால்தான்.

இப்படிப்பட்ட என்னைக் கொண்டுபோய் மூக்கு டாக்டரிடம் மாட்டிவிட்டார்கள். தியேட்டரில் அவருக்கு அரைமணி என்று பெயர். நேரில் யாரும் சொல்வதில்லை, ஆனால் அவருக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

பெயர் வந்த கதை இது. மூக்கு உள்ளே தாழ்ந்து, மூச்சு போகும் வழி அடைந்து போனவர்களுக்கு அவர் புதிதாக முட்டுக் கொடுப்பார். அதற்குக் குருத்தெலும்பு வேண்டும். மூக்கின் நடுச்சுவரிலேயே கிடைத்தால் சௌகரியம். அங்கே இல்லையென்றால் காது மடலிலிருந்து எடுப்பார். அதுவும் போதாது என்றால் விலாவிலிருந்து. விலாக் குருத்தெலும்புக்கு ஒரு குணம் உண்டு. உடம்பில் இருக்கும்வரை சாதுவாக இருக்கும். வெட்டி எடுத்து மெல்லிய துண்டுகளாகச் சீவினால் சிறிது நேரத்தில் தன் இஷ்டத்துக்கு வளையும். எந்தத் துண்டு, எந்தப் பக்கம், எவ்வளவு என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால் சீவிய துண்டுகளை உப்புத் தண்ணீரில் போட்டுவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு, முழுதாக அரைமணி நேரம் உட்கார்ந்துவிடுவார். மேஜையில் நோயாளி மயக்கத்தில், சுற்றிலும் நாங்கள் விழிப்பில், நடுவில் ஒரு கிண்ணத்தில் மூன்று வெள்ளைத் துண்டுகள்.

"அது தன் புத்தியக் காட்டட்டும் சிஸ்டர். உள்ள போய்க் காட்டுறதுக்கு இங்கயே காட்டிட்டா நல்லது" என்பார்.

நான் அந்த அரைமணியில் கருவிகளை இரண்டு முறை எண்ணுவேன், பஞ்சை மூன்று முறை எண்ணுவேன், பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். மயக்க மருந்து டாக்டர் குறுக்கெழுத்துப் போட்டியை முடித்துவிட்டு மறுநாளைக்கு உரியதையும் தொடங்கிவிடுவார்.

அரைமணியிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. காலையில் பத்து நிமிடம் தாமதமாக வருவார். பதினொன்றும் ஆகாது, ஒன்பதும் ஆகாது, சொல்லிவைத்தாற்போல் பத்து. நான்கு வருடத்துக்கு முன்பு ஒரு நாள் எல்லோரும் போன பிறகு நாற்காலி போட்டு ஏறி, தியேட்டர் சுவர்க் கடிகாரத்தைப் பத்து நிமிடம் முன்னால் தள்ளி வைத்தேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. ஒரே மாதத்தில் மனிதர் திருந்திவிட்டார். தன் காரில் இருக்கும் கடிகாரம்தான் மெதுவாக ஓடுகிறது என்று நம்பி, அதையும் முன்னால் தள்ளி வைத்துக்கொண்டாராம். "நேரம் தவறாமை ஒரு ஒழுக்கம்" என்று மற்ற டாக்டர்களுக்குப் புத்தி சொல்லும் அளவுக்குப் போய்விட்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கருவிகளை அடுக்குவேன்.

வீட்டிலும் இதே வைத்தியம்தான். கூடத்துக் கடிகாரம் பத்து நிமிடம் முன்னால். இல்லாவிட்டால் என் கணவர் பஸ்ஸைப் பிடிக்க மாட்டார். என் நாத்தனார் அதைப் பார்த்து, "இந்த வீட்டுக் கடிகாரம் உன் வாய் மாதிரிம்மா, எப்பவும் பத்து நிமிஷம் முன்னாடியே போயிடும்" என்பார்.

நாத்தனாரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. என் கணவரின் அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். வயது நாற்பத்தேழு. கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ரொட்டி அடுப்பைக் கட்டிக்கொண்டவர். எங்கள் தெருக்கோடியில் இருக்கும் பேக்கரியில் தலைமை ரொட்டிக்காரர். ஒரு காலத்தில் அடுப்பின் கதவைத் திறந்தே பார்க்க மாட்டாராம். மாவு மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டே, "மூணாவது தட்டு ஆச்சு, எடு" என்பாராம். வாசனையே போதும்.

பதினோரு வருடத்துக்கு முன்பு, தட்டுகள் அடுக்கிய சக்கர அலமாரி ஒன்று சரிவில் உருண்டு வந்து அவர் முகத்தில் மோதியது. மூக்கு கோணிக்கொண்டது. வேறோர் இடத்தில் ஆபரேஷன் செய்து நிமிர்த்தினார்கள். நிமிர்த்தும்போது நடுச்சுவரில் இருந்த குருத்தெலும்பை வேண்டிய அளவுக்கு மேல் எடுத்துவிட்டார்கள். கூரையைச் சரிசெய்யப் போய்த் தூணைப் பிடுங்கியதுபோல் ஆகிவிட்டது. இரண்டு வருடத்தில் மூக்குத் தண்டு நடுவில் இறங்கியது. மூச்சை உள்ளே இழுத்தால் இரண்டு பக்கமும் உள்ளுக்குள் ஒட்டிக்கொள்ளும். இழுக்க இழுக்க இறுகும்.

அன்றிலிருந்து அண்ணி வாயால்தான் மூச்சு விட்டார். படுத்தால் திணறும். கூடத்தில் ஒரு சாய்வு நாற்காலி போட்டு, உட்கார்ந்தபடியே தூங்குவார். குறட்டை என்றால் சாதாரணக் குறட்டை இல்லை. "நம்ம வீட்டுக்குக் காவலே வேண்டாம். திருடன் வந்தா, உள்ள யாரோ மரம் அறுக்குறாங்கன்னு நினைச்சுத் திரும்பிடுவான்" என்று என் கணவர் சொல்வார். அண்ணியும் சேர்ந்து சிரிப்பார். சிரித்தாலும் இரண்டாவது நொடியில் மூச்சு வாங்கும்.

வாசனையும் போய்விட்டது. அதன்பிறகு ரொட்டியைக் கடிகாரம் பார்த்துத்தான் எடுத்தார். அதை வேலை செய்கிற இடத்தில் யாரிடமும் சொல்லவில்லை. பழைய மாதிரியே மூட்டைகளுக்கு நடுவில் நின்று, ஓரக்கண்ணால் மணியைப் பார்த்து, "எடு" என்பார். என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னார். பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தோம். திரும்பாமலே, "ஒன்பது வருஷமா நான் சுடுற ரொட்டி எப்படி மணக்குதுன்னு எனக்குத் தெரியாதும்மா. ஊருக்கெல்லாம் தெரியும்" என்றார். வழக்கம்போல், குழாயைச் சரியாக மூடத் தெரியாதா என்று சண்டை போட்டேன்.

மறுநாளே அரைமணியிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

அவர் ஒரு பளபளப்பான எஃகுத் தகட்டை அண்ணியின் மூக்குக்குக் கீழே பிடித்து, வாயை மூடி மூச்சு விடச் சொன்னார். நல்ல மூக்காக இருந்தால் தகட்டில் இரண்டு பக்கமும் ஆவி படியும். அண்ணியின் தகட்டில் இடது பக்கம் ஒரு சட்டைப் பொத்தான் அளவுக்குப் படிந்தது. வலது பக்கம் தகடு அப்படியே பளபளத்தது. அரைமணி அதை வெகுநேரம் பார்த்தார்.

"நடுச்சுவர்ல எடுக்குறதுக்கு ஒண்ணும் மிச்சமில்ல. காதுல கிடைக்கிறது இதுக்குப் போதாது. விலாவிலதான் எடுக்கணும்" என்றார். "ரெண்டு நீளத் துண்டு, நடுச்சுவருக்கு ரெண்டு பக்கமும். அது வழியைத் திறந்து வைக்கும். நுனிக்குக் கீழ ஒரு துண்டு, தூண் மாதிரி. ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். இந்த மூக்கை ஏற்கெனவே ஒரு தடவை திறந்திருக்காங்க. இது ரெண்டாவது. மூணாவது தடவை திறந்தா அந்தத் தோல் தாங்காது. அதனால இப்ப வைக்கிறது சரியா இருக்கணும்."

"வாசனை வருமா டாக்டர்?" என்று அண்ணி கேட்டார்.

"மூச்சுக்கு நான் பொறுப்பு. வாசனைக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன்."

"சரி. மூச்சே வரட்டும்" என்றார் அண்ணி. வெளியே வந்த பிறகு, "கேட்டிருக்கக் கூடாது இல்ல?" என்றார். நான் ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தினேன்.

ஆபரேஷன் நாள் வந்தது. எங்கள் தியேட்டரில் ஒரு விதி இருக்கிறது. சொந்தக்காரர் மேஜையில் இருந்தால் நாம் உள்ளே நிற்கக் கூடாது. நல்ல விதிதான். பிறருக்கு அதை நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். என் இடத்தில் வேறொரு நர்ஸ் கருவி கொடுக்க, வெளியிலிருந்து வேண்டியதை எடுத்துவரும் வேலைக்குப் புது நர்ஸ் நின்றாள். அவள் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. நிதானமான பெண், கெட்டிக்காரி. நான் சொல்வதை எல்லாம் சின்ன நோட்டில் எழுதி வைத்துக்கொள்வாள்.

பதினோரு வருடத்தில் முதல் முறையாக நான் அந்தக் கதவுக்கு வெளியே, நோயாளியின் ஆட்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தேன். அந்த பெஞ்சு அவ்வளவு கடினம் என்று அன்றுதான் தெரியும். பக்கத்தில் என் கணவர், அக்கா முந்தின நாள் சுட்டு டப்பாவில் போட்டுக் கொடுத்த பிஸ்கட்டை ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றுகொண்டிருந்தார்.

"நீ ஒண்ணு சாப்பிடேன்."

"எப்படிங்க உங்களுக்கு இறங்குது?"

"டாக்டர் பாத்துப்பாரு. நீதானே சொன்ன, அவரு கெட்டிக்காரருன்னு."

ஒன்றும் தெரியாதவர்களுக்கு இருக்கும் நிம்மதியைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவருக்கு அது ஒரு மூடிய கதவு. எனக்கு அப்படி இல்லை. இப்போது மார்பில் கீறியிருப்பார்கள், இப்போது விலாவிலிருந்து குருத்தெலும்பைப் பிரிப்பார்கள், இப்போது சீவுவார்கள் என்று ஒவ்வொன்றும் கண் முன்னால் ஓடியது. எதிர்ச் சுவரில் இருந்த கடிகாரத்தை நிமிடத்துக்கு ஒரு தரம் பார்த்தேன்.

பதினொன்று ஆறுக்குப் புது நர்ஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"விலா எடுத்தாச்சு சிஸ்டர். நல்ல வெள்ளையா, கெட்டியா இருக்கு. மூணு துண்டு சீவித் தண்ணியில போட்டாச்சு. பதினொண்ணு அஞ்சுக்குப் போட்டாங்க. மயக்க டாக்டர் மணி சொன்னாரு, நான் போர்டுல எழுதிட்டேன்."

"அண்ணி எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்காங்க சிஸ்டர். பயப்படாதீங்க."

பயப்படாதீங்க என்று ஆயிரம் பேரிடம் சொன்னவள் நான். அதை யாராவது நம்மிடம் சொன்னால் பயம் கூடத்தான் செய்கிறது. ஆனாலும் அரைமணி நேரம் எதுவும் நடக்காது என்று தெரியும். வாழ்க்கையில் முதல் முறையாக அந்தக் காத்திருப்பு எனக்கு இதமாக இருந்தது. ஒரு பிஸ்கட் எடுத்துக் கடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

இரண்டாவது பிஸ்கட்டில் கை வைத்தபோது கதவு மறுபடி திறந்தது. புது நர்ஸ் தையல் நூல் பொட்டலம் எடுக்க ஸ்டோருக்குப் போய்க்கொண்டிருந்தாள். போகிற போக்கில், "அரைமணி முடிஞ்சுது சிஸ்டர். மூணும் ஸ்கேல் வச்ச மாதிரி நேரா இருக்கு. உள்ள வைக்கப் போறாங்க" என்றாள்.

"அதுக்குள்ளயா?"

நிமிர்ந்து பார்த்தேன். பதினொன்று இருபத்தைந்து.

கடிகாரம் நின்றுவிட்டதோ என்று என் கணவரின் போனைப் பிடுங்கிப் பார்த்தேன். அதிலும் பதினொன்று இருபத்தைந்து. ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. அடுத்த கணம் எல்லாம் புரிந்தது.

துண்டுகளைத் தண்ணீரில் போட்டபோது மணி சொன்னது மயக்க டாக்டர். அவர் தன் இயந்திரத்தின் திரையைப் பார்த்துச் சொன்னார். அது சரியான மணி. எப்போது எடுப்பது என்று பார்த்தது அரைமணி. அவர் சுவரைப் பார்த்தார். அது நான் தள்ளி வைத்த மணி. நான் உள்ளே நிற்கும் நாட்களில் ஆரம்பம், முடிவு இரண்டையும் நானே சுவரைப் பார்த்துச் சொல்லிவிடுவேன், அதனால் கணக்கு பிசகாது. இன்று நான் உள்ளே இல்லை. முப்பது நிமிடம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருப்பது இருபது நிமிடம்.

ஸ்டோரிலிருந்து திரும்பிய புது நர்ஸின் கையைப் பிடித்தேன்.

"உள்ள போய் டாக்டர்கிட்ட சொல்லு. அரைமணி ஆக இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. சுவர்ல இருக்கிற கடிகாரம் வேகமா ஓடுது."

"சிஸ்டர், அது நல்லாத்தான் ஓடுது. டாக்டரே அதைப் பாத்துத்தானே சொன்னாரு." அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். சொந்தக்காரி பதற்றத்தில் உளறுகிறாள் என்று அவள் முகத்திலேயே எழுதியிருந்தது. அவள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

தியேட்டர் வாசலில் தரையில் ஒரு சிவப்புக் கோடு உண்டு. உடை மாற்றாமல் அதைத் தாண்டியவர்களை நான் திட்டிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல. கோட்டின் முன்னால் என் கால் தானாக நின்றது. உடை மாற்றும் அறைக்குள் ஓடினேன். மேலுடை, தொப்பி, முகமூடி. செருப்பு மாற்றும்போது இடது காலுக்கு வேறு யாருடைய செருப்போ வந்தது. போகட்டும் என்று கதவைத் தள்ளினேன்.

அரைமணி இடுக்கியில் ஒரு துண்டைப் பிடித்திருந்தார். நூல் கோத்த ஊசி அடுத்த கையில் தயாராக இருந்தது. பச்சைத் துணிகளுக்கு நடுவில் அண்ணியின் மூக்கு திறந்து கிடந்தது. எத்தனையோ மூக்குகளை அப்படிப் பார்த்திருக்கிறேன், கண் இமைத்ததில்லை. அன்று பார்வையைக் கிண்ணத்தின் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"டாக்டர், வைக்காதீங்க."

"சிஸ்டர், நீங்க உள்ள வரக் கூடாதுன்னு..."

"எடுத்தப்ப இருபது நிமிஷம்தான் ஆயிருந்துச்சு. அந்தக் கடிகாரம் பத்து நிமிஷம் முன்னாடி இருக்கு. போட்டப்ப மணி பாத்தது அந்த மெஷின்ல, எடுக்கும்போது பாத்தது சுவர்ல."

மயக்க டாக்டர் தன் திரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், பென்சிலைக் கீழே வைத்தார். "ஆமா சார். இங்க பதினொண்ணு இருபத்தெட்டு."

அரைமணியின் முகமூடிக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. "கடிகாரம் எப்பலருந்து இப்படி இருக்கு?"

"நாலு வருஷமா."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். போன வாரம்தான் கவனித்தேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கிண்ணத்துக்கு அந்தப் பக்கம் அண்ணி கண்ணை மூடிப் படுத்திருந்தார். "நான்தான் தள்ளி வச்சேன்" என்றேன்.

"எதுக்கு?"

மயக்க டாக்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "உங்களுக்காகத்தான் இருக்கும் சார்" என்றார்.

இயந்திரம் மட்டும் பீப் பீப் என்றது. திட்டுவார் என்று காத்திருந்தேன். வேலையை விட்டே அனுப்பினாலும் சரி, அந்தத் துண்டை மட்டும் வைக்காமல் இருந்தால் போதும் என்று தோன்றியது.

அவர் ஊசியைத் தட்டில் வைத்தார். இடுக்கியில் இருந்த துண்டைக் கிண்ணத்தில் போட்டார். "நினைச்சேன். இன்னைக்கு அரைமணி சீக்கிரம் போயிட்ட மாதிரிதான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். "நீங்க வெளிய போங்க சிஸ்டர்" என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, "சரி, அந்தச் சுவரோரம் நில்லுங்க. எதையும் தொடாதீங்க" என்றார்.

நான் சுவரோரம் நின்றேன். மூன்று துண்டுகளும் தண்ணீருக்குள் நேராகக் கிடந்தன. நான்கு நிமிடம். ஐந்து நிமிடம். ஒன்றும் நடக்கவில்லை. எல்லோர் முன்னாலும் மானம் போனதுதான் மிச்சமோ என்று ஒரு பக்கம் தோன்றியது. அப்படியே இருக்கட்டும், மூன்றும் நேராகவே இருக்கட்டும் என்று இன்னொரு பக்கம் வேண்டிக்கொண்டேன்.

ஏழாவது நிமிடத்தில், ஓரத்தில் கிடந்த குட்டைத் துண்டின் ஒரு முனை கிண்ணத்தின் அடியிலிருந்து மெல்ல எழும்பியது. நூலிழை அளவு. பிறகு இன்னும் கொஞ்சம். பத்தாவது நிமிடத்தில் அது வெட்டிப் போட்ட நகம்போல வளைந்து கிடந்தது.

அரைமணி அதை எடுத்து அளவுகோலின் மேல் வைத்துப் பார்த்தார். நுனிக்குக் கீழே தூணாக நிற்க வேண்டிய துண்டு அது. "இது உள்ள போயிருந்தா மூணு மாசத்துல மூக்கு நுனி ஒரு பக்கமா சாஞ்சு, வலது துவாரம் திரும்ப அடைச்சிருக்கும்" என்றார். யாரிடமும் இல்லாமல், தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பிறகு அவர் செய்ததை நான் வாழ்நாள் முழுவதும் மறக்க மாட்டேன். வளைந்த துண்டைத் தூக்கி எறியவில்லை. மீதிக் குருத்தெலும்பிலிருந்து அதே பக்கமாக இன்னொன்றைச் சீவினார். அதையும் தண்ணீரில் போட்டு, இன்னொரு முழு அரைமணி காத்திருந்தார். இந்த முறை ஆரம்பத்தையும் முடிவையும் மயக்க டாக்டரே சொன்னார். இரண்டாவதும் வளைந்தது. இரண்டையும் முதுகோடு முதுகாக வைத்துத் தைத்தார். ஒன்று இந்தப் பக்கம் இழுத்தால் மற்றது அந்தப் பக்கம் இழுக்க, இரண்டும் சேர்ந்து குச்சிபோல் நேராக நின்றன. கல்யாணம் ஆகிப் பதினாறு வருடம் ஆன எனக்கு அதைப் பார்த்ததும் வெளியே பிஸ்கட் தின்றுகொண்டிருந்தவர் நினைவுக்கு வந்தார்.

எல்லாம் முடிந்து கை கழுவும் இடத்தில் அரைமணி என்னைப் பார்த்தார். "அந்தக் கடிகாரத்தைச் சரி பண்ணிடுங்க."

"சரி டாக்டர். தப்புதான், மன்னிச்சுடுங்க."

"என் கார்ல இருக்கிறதையும் சரி பண்ணணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றே நாற்காலி போட்டு ஏறினேன். புது நர்ஸ் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, இதையும் நோட்டில் எழுதணுமா என்று கேட்டாள். அடுத்த திங்கட்கிழமை அரைமணி பத்து நிமிடம் தாமதமாக வந்தார்.

அண்ணி மார்பில் கட்டும், மூக்கு அசையாமல் இருக்க மேலே ஒட்டிய அச்சுமாக வீட்டுக்கு வந்தார். சிரித்தால் விலா வலிக்கும் என்பதால் என் கணவர் வாய் திறக்கத் தடை. மூன்றாம் நாள், தியேட்டரில் நடந்ததை எல்லாம் நானே அண்ணியிடம் சொன்னேன். வேறு யாராவது சொல்லித் தெரிவதைவிட அது மேல். தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னேன்.

"பத்து நிமிஷம்னா என்னன்னு நினைச்ச? அடுப்புல பத்து நிமிஷத்துல ரொட்டி கரியாயிடும்" என்றார் அண்ணி. பிறகு, "ஆனா நீதானே ஓடிப் போய்ச் சொன்ன" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. கூடத்துக் கடிகாரத்தை நானே சரிசெய்தேன். என் கணவர் அந்த வாரம் இரண்டு பஸ்ஸை விட்டார்.

எட்டாம் நாள் அச்சை எடுத்தார்கள். அரைமணி எஃகுத் தகட்டை மூக்குக்குக் கீழே பிடித்து, வாயை மூடச் சொன்னார். அண்ணி பயந்து பயந்து மூச்சை இழுத்தார். மூக்கின் பக்கங்கள் உள்ளே ஒட்டவில்லை, நின்ற இடத்தில் நின்றன. விட்டார். தகட்டில் இரண்டு பக்கமும், ஒரே அளவில், ஆவி படிந்தது. அரைமணி தகட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினேன்.

"வாசனை?" என்று கேட்டார் டாக்டர்.

அண்ணி மருந்தில் நனைத்த பஞ்சை முகர்ந்து பார்த்துத் தலையை ஆட்டினார். "இல்ல டாக்டர். பரவாயில்ல. மூச்சு வருதே, அதுவே எனக்குப் பெருசு." அது உண்மை என்று முகத்தில் தெரிந்தது. முழு உண்மை இல்லை என்பதும் தெரிந்தது.

ஒன்றரை மாதம் போயிற்று. சாய்வு நாற்காலியைப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டோம். அண்ணி இப்போது அறையில் கட்டிலில் படுக்கிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அண்ணி படுத்திருந்தார். நான் வெங்காயம் அரிந்து, வாணலியில் போட்டு, தீயைக் குறைத்து வைத்தேன். வீடு அமைதியாக இருந்தது. வேண்டாத அளவுக்கு அமைதியாக இருந்தது. ஒன்பது வருடமாக அந்தக் குறட்டை கேட்டால்தான் அவர் நன்றாக இருக்கிறார் என்று அர்த்தம். இந்த நிசப்தத்துக்கு நான் இன்னும் பழகவில்லை. மூன்று நிமிடம் பொறுத்தேன். அதற்கு மேல் முடியவில்லை, அறைக்குப் போனேன்.

அண்ணி ஒரே ஒரு தலையணையில், மல்லாந்து, வாயை மூடிப் படுத்திருந்தார். மார்பு ஏறி இறங்குகிறதா என்று தெரியவில்லை. பதினோரு வருட அனுபவம் எல்லாம் எங்கே போனதோ, பதறிப்போய்க் குனிந்து, புறங்கையை அவர் மூக்குக்குக் கீழே வைத்தேன். இரண்டு இழையாக, சமமாக, வெதுவெதுப்பாக மூச்சு பட்டது. கையை எடுத்திருக்க வேண்டும். எடுக்க மனம் வரவில்லை.

கண்ணைத் திறக்காமலே அண்ணி சொன்னார். "உயிரோடதான் இருக்கேன். கையை எடு, வெங்காயம் நாறுது."

நான் எடுக்கவில்லை. "என்ன சொன்னீங்க அண்ணி?"

அண்ணி கண்ணைத் திறந்தார். தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கும் அப்போதுதான் உறைத்தது. எழுந்து உட்கார்ந்து, என் கையை இரண்டு கைகளாலும் பிடித்து, மூக்கோடு சேர்த்து வைத்துக்கொண்டார். இழுத்தார். மறுபடி இழுத்தார். என் விரல்கள் நனைந்தன. பிறகு தலையை நிமிர்த்தி, கதவுப் பக்கம் முகத்தைத் திருப்பி, மாவு மூட்டைகளுக்கு நடுவில் நிற்பவர்போல அசையாமல் இருந்தார்.

"அடுப்புல வச்சிருக்கிறது ஆயிடுச்சு. எடு" என்றார். அறையில் கடிகாரம் கிடையாது.

எடுக்கப் போகவில்லை. எனக்கு ஓர் அவசரமும் வரவில்லை. கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன், அவரும் அழுதார். கூடத்திலிருந்து என் கணவர் ஏதோ கருகுகிறது என்று இரண்டு முறை கத்தினார். அன்று மத்தியானம் மூன்று பேரும் கருகிய வெங்காயத்தைத்தான் சாப்பிட்டோம். அண்ணி ஒவ்வொரு வாய்க்கும் தட்டை மூக்கருகில் தூக்கி, "கருகல் வாசனை" என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டார், இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.